கதவைச் சாத்த ஓர் அறை: யாழ்ப்பாணத்தில் இருந்து இணையவழி மனவடுச் சிகிச்சை

மனவடு என்றால் என்ன என்று இங்கே விளக்கப்போவதில்லை. கோவில் திருவிழாவில் வெடி போட்டதும் உடல் விறைக்கிறவர்களுக்கும், இத்தனை வருடம் கழித்தும் கனவில் பங்கருக்குள் கிடப்பவர்களுக்கும் அது தெரியும். வாரம் ஒருமுறை திரையின் வழியாக ஓர் உளவியலாளரிடம் கதைக்க, யாழ்ப்பாணத்து வீடொன்றில் என்னென்ன ஏற்பாடு செய்யவேண்டும் என்பதே இந்தப் பதிவு. கொக்குவிலில், அம்மாவும் அக்கா குடும்பமும் இருக்கும் வீட்டில் இருந்து இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

படி 1: இது உங்களுக்குப் பொருந்துமா?

தற்கொலை எண்ணம் அடிக்கடி வருகிறது என்றால், குடி கட்டுப்பாட்டில் இல்லை என்றால், உங்களை அடிக்கும் ஆள் அதே வீட்டில் இருக்கிறார் என்றால், இணையவழியில் தொடங்க வேண்டாம். நேரில் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு கட்டவேண்டியதில்லை. 1980களில் தொடங்கிய சாந்திகம் நிலையத்திலும் உளவளத்துணை கிடைக்கும். இரவில் தனியே தவித்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அம்புலன்ஸ் 1990. இந்த இரண்டையும் இப்போதே தொலைபேசியில் பதிந்துவிட்டு மேலே வாசியுங்கள்.

மற்றவர்களுக்கு இணையவழி தாராளமாகப் போதும். மனவடுவுக்கென்றே உள்ள சில பேச்சுச் சிகிச்சைகளைக் காணொளி வழியாகக் கொடுத்து ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நேரில் கொடுப்பதற்குக் குறைவில்லாத பலன் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. கிளினிக் வாசலில் உங்களைக் கண்டவர் வீடு போய்ச் சேருமுன், செய்தி உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தங்கைக்குக் கலியாணம் பேசுகிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

படி 2: ஆளைத் தேடுதல்

இலங்கையில் உளவளத்துணையாளர் என்று யாரும் பலகை மாட்டலாம்; ஆகவே பதிவைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு இருக்கவேண்டும். இந்தியாவில் உள்ள மருத்துவ உளவியலாளர் என்றால் இந்தியப் புனர்வாழ்வுச் சபையின் பதிவெண் இருக்கும். ஒன்ராறியோவில் உளச்சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளவே சட்டப்படி பதிவு வேண்டும். ஆனால் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களில் பலர், தம் பதிவும் காப்புறுதியும் இடம் தராது என்பதால் வெளிநாட்டில் வசிப்பவரை எடுக்கமாட்டார்கள். முதல் மின்னஞ்சலிலேயே "நான் இலங்கையில் இருக்கிறேன்" என்று எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

"மனவடுவுக்கு எந்த முறையில் சிகிச்சை செய்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். ஈ.எம்.டி.ஆர். (நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை இடம் வலமாக அசைப்பது), சிந்தனைச் செயன்முறைச் சிகிச்சை (நடந்ததைப் பற்றிய எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது), நீடித்த எதிர்கொள்ளல் (தவிர்த்துவரும் நினைவுகளைப் படிப்படியாக எதிர்கொள்வது), கதைவழி எதிர்கொள்ளல் (வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லி எதிர்கொள்வது) என்று ஏதாவது ஒன்றில் தெளிவான பதில் வரவேண்டும். "எல்லாவற்றையும் கலந்து செய்வேன்" என்கிறவரை நான் தவிர்ப்பேன். எழுத்தில் மட்டும் உரையாடும் செயலிகளையும் மனவடுவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறீர்கள் என்பது எழுத்தில் தெரியாது.

சென்னையில் இருப்பவரா, எங்கள் ஆளா? சென்னைக்காரரிடம் கிபிர் குண்டுவீச்சு விமானம், ஷெல், யாழ்ப்பாணமே ஊரைவிட்டுப் போன 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு எல்லாவற்றையும் முதலில் விளக்கவேண்டியிருக்கும். எங்கள் ஆள் என்றால் அவருக்கே ஒரு பக்கச் சார்பு இருக்கலாம்; உங்கள் மாமாவைத் தெரிந்தவராகவும் இருக்கலாம். விளக்கும் சிரமம் பரவாயில்லை என்பது என் கட்சி.

படி 3: பணம்

வெளிநாட்டுக்குக் கட்டுவதென்றால் உங்கள் வங்கி அட்டையில் சர்வதேசக் கொடுக்கல்வாங்கல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அண்ணா கனடாவில் இருந்து கட்டுகிறார் என்றால் பற்றுச்சீட்டும் நினைவூட்டலும் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகின்றன என்பதைக் கவனியுங்கள். காசு கட்டுகிறவர் "என்ன கதைத்தாய்?" என்று ஒருநாள் கேட்கத்தான் செய்வார். பாசத்தில்தான் கேட்பார். ஆனாலும் மாதத்துக்கு ஒரு தொகையை உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, நீங்களே கட்டுவது நல்லது.

படி 4: அறை

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படி. செயலியைப் பத்து நிமிடத்தில் நிறுவலாம்; கேட்க ஆளில்லாத ஓர் இடம் எங்கள் வீடுகளில் இலேசில் கிடைக்காது. பழைய ஓட்டு வீடுகளில் அறைச் சுவர் கூரை வரை போவதில்லை, சீலிங்கும் இல்லை. உள்ளறையில் முணுமுணுத்தால் குசினியில் கேட்கும். கதவைச் சாத்தினால் அதுவே ஒரு விசாரணைக்குக் காரணமாகிவிடும்: "என்ன, சுகமில்லையா? தேத்தண்ணி போடவா?"

நேரத்தை முதலில் தேடுங்கள், அறையைப் பிறகு. வீட்டில் ஆள் குறையும் நேரம் எது என்று ஒரு வாரம் கவனியுங்கள். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை மாலைப் பூசை நேரம்; அம்மா கோவிலில், பிள்ளைகள் ரியூசனில். அந்த நேரத்தைக் "கூட்டம்" என்று வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். யாரோடு, எதற்கு என்று விளக்கப் போகாதீர்கள். விளக்கம் கொடுத்தால் கேள்வி பெருகும்.

கதவுக்கு வெளியே, அறைக்கு உள்ளே அல்ல, ஒரு வானொலியை வையுங்கள். விறாந்தையில் செய்தி ஓடினால் உங்கள் பேச்சு அதற்குள் கரைந்துவிடும். உள்ளே மின்விசிறி ஓடட்டும். கதவு கண்ணில் படும்படி உட்காருங்கள். முதுகுப் பக்கம் கதவு இருந்தால், கதை கடுமையான இடத்துக்கு வரும்போது உடல் திரும்பித் திரும்பிப் பார்க்கும். பாதிக் கவனம் அதிலேயே போய்விடும்.

வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை வாயால் சொல்லாமல் தட்டச்சு செய்து அனுப்பலாம். "அவர்" என்று மட்டும் சொல்லி, பெயரை உரையாடல் பெட்டியில் போடுங்கள், முடிந்ததும் அழியுங்கள். சிகிச்சையாளருடன் ஓர் அடையாள வாக்கியத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். யாராவது உள்ளே வந்தால் நான் "அந்தக் கோப்பை நாளைக்கு அனுப்புகிறேன்" என்பேன். அவர் உடனே அலுவலகக் கதைக்கு மாறிவிடுவார். இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் பலருக்கு இது தோன்றாது.

வீடு சரிவராவிட்டால் மரநிழலில் நிறுத்திய கார், காலையில் வெறுமையாகக் கிடக்கும் ரியூசன் கொட்டகை, நம்பிக்கையான சிநேகிதியின் வீடு. கடற்கரை வேண்டாம். காற்றில் ஒன்றும் கேட்காது, தெரிந்தவர்களும் வருவார்கள்.

படி 5: கருவி

மடிக்கணினி இருந்தால் அதுதான். தொலைபேசி என்றால் சரியாக அந்த நேரம் பார்த்து லண்டன் சித்தி வைபரில் எடுப்பார். வயர் உள்ள இயர்போனையே பாவியுங்கள். வயரில்லாதது சார்ஜ் இறங்கித் துண்டித்தால், சிகிச்சையாளரின் குரல் ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்கும். சூமில் உங்கள் முகத்தை உங்களுக்குக் காட்டாமல் மறைக்கும் வசதி இருக்கிறது. அழும் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்பது தேவையில்லாத தண்டனை. காணொளிக்கு மணித்தியாலத்துக்கு அரை ஜிபியில் இருந்து ஒன்றரை ஜிபி வரை போகும். கரண்ட் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும். கைபேசி டேட்டாவைத் தயாராக வையுங்கள். இணைப்பு அறுந்தால் யார் யாரை எடுப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அறிவிப்புகளை மறையுங்கள்.

படி 6: முதல் அமர்வு

நீங்கள் இப்போது இருக்கும் முகவரியையும், அவசரத்துக்கு அழைக்கக்கூடிய ஒருவரின் இலக்கத்தையும் சிகிச்சையாளர் கேட்கவேண்டும். கேட்கவில்லை என்றால், அவசரம் வந்தால் என்ன செய்வார் என்று நீங்களே கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். மனவடு அறிகுறிகளை அளக்க, இருபது கேள்விகள் கொண்ட பி.சி.எல்.-5 படிவம் தரப்படலாம். அதன் புள்ளிகள் 0 முதல் 80 வரை. சில வாரங்களுக்குப் பிறகு மீண்டும் நிரப்பி ஒப்பிடுவார்கள்.

முழுக் கதையையும் அன்றைக்கே கொட்ட வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்த மூன்று கட்டங்களில் முதலாவது பாதுகாப்பு. நினைவுகூர்ந்து துக்கம் காப்பது அதற்குப் பிறகு. மனிதரோடும் வாழ்வோடும் மீண்டும் இணைவது மூன்றாவது. சில முறைகள் முதலாவது கட்டத்தை நீட்டாமல் விரைவாக நினைவுகளுக்குள் போகும். அப்படிப் போவதானாலும் ஏன், எப்படி என்று உங்களுக்கு விளங்கப்படுத்திவிட்டே போகவேண்டும். சிந்தனைச் செயன்முறைச் சிகிச்சை வழக்கமாக 12 அமர்வுகள். நீடித்த எதிர்கொள்ளல் 8 முதல் 15 வரை.

கைகளை மார்பில் குறுக்கே வைத்து மாறி மாறி மெல்லத் தட்டும் "வண்ணத்துப்பூச்சி அணைப்பு" திரைவழியில் நன்றாகக் கைகொடுக்கும். 1997இல் பவுலின் சூறாவளி அகாபுல்கோவைத் தாக்கியபின், மெக்சிகோவில் பிள்ளைகளுடன் வேலை செய்தபோது பிறந்த பயிற்சி அது.

படி 7: அமர்வு முடிந்த அரை மணித்தியாலம்

கிளினிக்குக்குப் போனால் திரும்பி வரும் பஸ்ஸில் மனம் கொஞ்சம் ஆறும். இங்கே மடிக்கணினியை மூடிய அடுத்த நிமிடம் "சோறு போடவா?" என்பார்கள். ஆகவே "கூட்டம்" அமர்வை விட அரை மணித்தியாலம் கூட நீளும் என்று முன்பே சொல்லிவையுங்கள். கிணற்றடியில் முகம் கழுவுங்கள், முற்றத்தில் நடவுங்கள். மோட்டார் சைக்கிளை உடனே எடுக்காதீர்கள். அன்றிரவு கனவு கடுமையாக வரலாம். அடுத்த அமர்வில் சொல்லுங்கள். அதற்காகப் பாமசியில் நித்திரைக் குளிசை கேட்டு வாங்கவேண்டாம். வைத்தியர் எழுதினால் மட்டும் போடுங்கள்.

பின்சேர்க்கை 1: கிளிநொச்சியில் இருந்து ஒருவர், வீட்டில் ஒரே தொலைபேசிதான், கணவரும் பாவிக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். காணொளியை விட்டு, சாதாரண அழைப்பில் கதைக்கலாமா என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள், பலர் சம்மதிப்பார்கள். அழைப்புப் பட்டியலில் இலக்கம் நிற்கும் என்பதை மறக்கவேண்டாம். கணவரிடம் இருந்து மறைப்பது பயத்தினால் என்றால், படி 1ஐ மீண்டும் வாசியுங்கள்.

பின்சேர்க்கை 2: ரொறன்ரோவில் உள்ள சிகிச்சையாளர் ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிறார் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர் பிந்தவில்லை. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதலாம் ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. எங்கள் இரவு ஏழு மணி அவர்களுக்குக் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை.

பின்சேர்க்கை 3: மே மாதத்தில் அமர்வை நிறுத்தி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிறுத்தாமல், ஏப்ரலிலேயே அதைப்பற்றிக் கதையுங்கள். 2009இல் போர் முடிந்த நாளான மே 18 வரும் வாரத்தில் பழைய நினைவைக் கிளறாமல், அந்த வாரத்தைக் கடப்பதற்கு மட்டும் அமர்வைப் பாவிக்கலாம் என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டுத் திவசத்துக்கும் இப்படியே செய்யலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஒலிபெருக்கி எட்டும் தூரத்தில் இருக்கிறவர்கள் அமர்வு நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.