சீன உள்ளீட்டு முறை: டெக்ஸ்ட் எடிட்டரில் எங்கே பிசகுகிறது?

ஆங்கில விசைகளில் 'அம்மா' என்று தட்டினால் தமிழில் பெரும்பாலும் ஒரே விடைதான். சீனத்தில் அப்படியில்லை. சீன ஒலிகளை ரோமன் எழுத்துகளில் எழுதும், 1958-இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையில், தொனியை விட்டுவிட்டால் ஏறத்தாழ 400 அசைகளே உள்ளன. கணினிக்கான சீன எழுத்துப் பட்டியலாக 1980-இல் வந்த ஜிபி 2312 தரத்திலோ 6,763 சீன எழுத்துகள். அதனால் 'ஷி' என்று தட்டியதும் டஜன் கணக்கில் எழுத்துகள் வரிசைகட்டும். எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை தட்டியது உரையே ஆகாது. எடிட்டர் செய்பவர்கள் இந்த இடைநிலையைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

முதல் அடி என்டர் விசைக்கு. பல பின்யின் முறைகளில் ஸ்பேஸ் முதல் எழுத்தை ஏற்கும், எண் விசைகள் மற்றவற்றை எடுக்கும், என்டர் தட்டிய ரோமன் எழுத்துகளை அப்படியே இடும். எடிட்டர் அந்த என்டரைப் பிடுங்கிக்கொண்டால் வரி உடையும்; அரட்டைப் பெட்டியாக இருந்தால் பாதிச் செய்தி பறந்துவிடும். பிரவுசரில், தேர்வு இன்னும் நடக்கிறதா என்று சொல்லும் 'இஸ்கம்போசிங்' மதிப்பைப் பார்த்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சஃபாரியில் கம்போசிஷன், அதாவது இந்த இடைநிலை, முடிந்த செய்தி, அதை முடித்துவைத்த கீடவுனுக்கு (விசை அழுத்திய செய்திக்கு) முன்பே வந்துவிடுகிறது. எனவே, விசையை உள்ளீட்டு முறை கையாள்கிறது என்பதைக் குறிக்கும் விசை எண் 229-ஐயும் சோதியுங்கள். தேர்வு முடியும்வரை நிரல் சொற்களுக்கு வண்ணமிடுவதற்காக அந்த வரியை மறுபடி வரையாதீர்கள், ஆட்டோகம்ப்ளீட்டும் ஒதுங்கியிருக்கட்டும். தேர்ந்த சொல் முழுவதும் ஒரே அன்டூவில் போக வேண்டும்.

எழுத ஒரு மோடு, விசைகளையே கட்டளைகளாகக் கொள்ள 'நார்மல்' என்று ஒரு மோடு என இயங்கும் விம் போன்ற எடிட்டரில் இன்னொரு தொல்லை உண்டு. நார்மல் மோடுக்குத் திரும்பியபின்னும் சீன முறை இயக்கத்திலேயே இருந்தால், கட்டளை விசையெல்லாம் பின்யினாகிவிடும். மோடு மாறும்போது உள்ளீட்டு முறையும் தானே அணைய வேண்டும்.

அசை பிரிப்பதிலும் அவசரம் கூடாது. எக்ஸ், ஐ, ஏ, என் என்ற நான்கு எழுத்துகளை ஒரே அசையாகப் படித்தால் 'முதலில்' என்று பொருள்; இரண்டாகப் பிரித்தால் ஷியான் நகரம். நீளமானதையே எடு என்ற விதி நகரத்தைத் தொலைத்துவிடும். இரண்டையும் காட்டுங்கள்; பிரிப்பதற்கு ஒற்றை மேற்கோள் குறியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தென்சீனத்தில் பலர் 'இசட்', 'இசட்ஹெச்' ஒலிகளை வேறுபடுத்துவதில்லை. அவர்களுக்கு, இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும் தளர்வான பொருத்தம் பெரிய உதவி. ஆனால் அது விருப்பத் தேர்வாக இருக்கட்டும், இல்லையென்றால் எல்லாருக்கும் பட்டியல் வீங்கும்.

பயன்பாட்டைக் கற்றுக்கொண்டு வரிசையை மாற்றுவது நல்லதுதான். ஆனால் ஒருமுறை தேர்ந்ததற்கே வரிசை புரண்டால், மூன்றாம் எண் என்று பழகிய விரல் தவறானதை இடும். கடவுச்சொல் பெட்டியில் எதையும் கற்கவே கூடாது.

எழுத்துகளை 16 பிட் அலகுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-16 முறையில், அரிய எழுத்துகள் சில இரண்டு அலகுகள் கொண்டவை. பேக்ஸ்பேஸ் ஒரு அலகை மட்டும் அழித்தால் மிஞ்சுவது குப்பை. ஆட்பெயர்களில் இவை வருவதுண்டு. ஒருவரின் பெயரையே தட்ட முடியாத எடிட்டரைச் சீன ஆதரவுள்ளது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சீனத்தின் எளிமையாக்கப்பட்ட எழுத்தைப் பழைய மரபு எழுத்தாக மாற்றும் வசதி வைத்தால், எழுத்துக்கு எழுத்து அட்டவணை போதாது. 'ஃபா' என்ற ஒரே எளிய எழுத்து மரபில் 'முடி', 'அனுப்பு' என இரண்டாகப் பிரிகிறது; சொல்லைப் பார்த்தே மாற்ற வேண்டும்.

நிரல் எழுதுபவர்களுக்காக ஒன்று: சீன முறையில் தட்டும் முழு அகல அரைப்புள்ளியைக் கம்பைலர் ஏற்காது. நிரல் கோப்புகளில் நிறுத்தற்குறிகள் இயல்பாகவே ஆஸ்கியில் (வழக்கமான ஆங்கிலக் குறிகளாக) விழும்படி அமையுங்கள்.