தூண்டல் போடுறவங்க மீன எண்ணணுமா? எண்ணுனா எப்படி எண்ணணும்?

குழித்துறை ஆத்துல ஆகட்டும் ஆறு கடல்ல சேர்ற தேங்காப்பட்டணம் பொழியில ஆகட்டும், தூண்டல் போட்டுட்டு வர்றவன்கிட்ட எல்லாரும் கேக்குற மொத கேள்வி "எத்தன எண்ணம் கெடச்சுது"ங்கறதுதான், அதுக்கு வர்ற பதில்ல பாதி பொய்யி மீதி மறதி. இதுல ரெண்டு கோஷ்டி உண்டு. ஒரு கோஷ்டி பிடிச்ச மீன மொத்தமா சாக்குல பரத்தி வச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போட்டு "இன்னைக்கு 43" அப்டின்னு எழுதும். இன்னொரு கோஷ்டி, மனசுக்கு ஒரு நிம்மதிக்குத்தான் வர்றோம், இதுல என்ன கணக்கு வழக்குன்னு சொல்லும். நான் எண்ணணும்ங்கற கட்சிதான், ஆனா மீன மட்டும் எண்ணுனா அது பெரும பேசத்தான் ஆகும், ஒக்காந்திருந்த நேரத்தையும் வெறுங்கையா வீட்டுக்கு வந்த நாளையும் சேத்து எண்ணுனாதான் அதால ஏதாவது பிரயோஜனம்.

மொதல்ல ஒரு விஷயம். எண்ணுனா அப்புறம் மீன் படாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, தெரியும். அப்படிச் சொல்ற அதே பாட்டாதான் கரைக்கு வந்ததும் உக்காந்து, உனக்கு இத்தன எனக்கு இத்தனன்னு ஒரு மீன் பிசகாம கூறு வப்பாரு. அவரு எண்ண வேண்டாம்னு சொல்லல, தூண்டல் வெள்ளத்துல, அதாவது தண்ணியில, கெடக்கும்போ எண்ணாதேன்னுதான் சொல்றாரு, அதுல நியாயம் இருக்கு. ஏழு ஆயிடுச்சு பத்தாக்கிட்டு போவோம்னு நெனச்சா அந்த மூணுக்காக இருட்டுற வரை உக்காருவோம், வழக்கமா விட்டுருக்க வேண்டிய பொடியையும் எடுத்து பையில போடுவோம். அதனால அங்க வச்சு குறிச்சு மட்டும் வையுங்க, கூட்டிப் பாக்குறத வீட்டுல போயி வச்சுக்கிடலாம்.

எப்படி குறிக்கணும்னா, கையெல்லாம் மீன் வழுவழுப்பு, இரை நாத்தம், அந்தக் கையோட நோட்டும் பேனாவும் எடுக்க எவனுக்கும் தோணாது. ரொம்ப சுளுவான வழி, வரும்போதே ஒரு பிடி சின்னக் கல்ல வலது பாக்கெட்டுல போட்டுக்கணும், மீன் ஒண்ணு கரையேறுனா ஒரு கல்ல இடது பாக்கெட்டுக்கு மாத்தணும், அவ்வளவுதான். சாரம் (லுங்கி) கட்டிட்டு வர்றவங்க மடியில முடிஞ்சுக்கோங்க. இல்லன்னா போன்ல நமக்கு நாமே ஒரு வாய்ஸ் போட்டு விடலாம், "ஆறே காலு, கரிமீன் ஒண்ணு, றால் இரை"ன்னு, அதுல நேரமும் தானா பதிஞ்சிரும். எனக்கு வாய்ஸ்தான் பிடிச்சிருக்கு, ஆனா மழைக்காலத்துல போன வெளிய எடுக்க முடியாது, அப்போ கல்லுதான் கைகுடுக்கும்.

இனி நேரம். இதத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க. ஒருத்தர் காலையில இருந்து 6 மணிநேரம் உக்காந்து 6 கரிமீன் பிடிச்சாரு, இன்னொருத்தர் சாயங்காலம் வந்து ஒன்றர மணிநேரத்துல 4 பிடிச்சாருன்னு வையுங்க, கேக்குறவனுக்கு 6 தான் பெருசா தெரியும். ஆனா மொதல் ஆளுக்கு மணிக்கு ஒண்ணு, ரெண்டாவது ஆளுக்கு மணிக்கு ரெண்டரைக்கும் மேல. எந்த நேரத்துக்கு போறது நல்லதுன்னு இந்த ரெண்டாவது கணக்குதான் சொல்லும். மீன்வளத்துறையில இருக்குற ஆராய்ச்சிக்காரங்களும் இதத்தான் செய்றாங்க, மொத்தம் எவ்வளவு பிடிச்சாங்கன்னு மட்டும் பாக்காம அதுக்கு எவ்வளவு உழைச்சாங்கன்னு வகுத்துப் பாக்குறாங்க, ஏன்னா மீன் கொறஞ்சுட்டு வர்ற ஆத்துலயும் கூட நேரம் உக்காந்தா மொத்த எண்ணிக்கை கொறையாத மாதிரியே காட்டும். அதனால தூண்டல் வெள்ளத்துல விழுந்த நேரம், கடைசியா எடுத்த நேரம், இந்த ரெண்டும் கண்டிப்பா வேணும். நடுவுல சாயா குடிக்கப் போன நேரத்த கழிச்சிருங்க, அங்கதான் பாதி நேரம் போகும்.

வெறுங்கை நாளு. மீன் கெடச்ச நாள மட்டும் எழுதுறது மனுச சுபாவம், ஆனா அது கணக்கையே பொய்யாக்கிரும். ஒரு மாசத்துல அஞ்சு தடவ போறோம், ஒரு நாளு 5 மணிநேரத்துல 8 மீனு, இன்னொரு நாளு 3 மணிநேரத்துல 3, மிச்சம் மூணு நாளும் நாலு நாலு மணிநேரம் உக்காந்து ஒண்ணுமில்ல. கெடச்ச நாள மட்டும் பாத்தா 8 மணிநேரத்துக்கு 11 மீனு, மணிக்கு ஒண்ணர கிட்ட வருது, பலே ஆளுதான். எல்லாத்தையும் சேத்தா 20 மணிநேரத்துக்கு 11, மணிக்கு அர மீனு. அந்த அர மீனுதான் நெசம். இங்கிலாந்துல சாமன் (சால்மன்) மீன் பிடிக்க லைசன்ஸ் எடுத்தவங்க வருசக் கடைசியில கணக்கு குடுக்கணும், அதுல ஒரு மீனும் கெடைக்கலன்னாலும், ஏன் ஆத்துப் பக்கமே போகலன்னாலும், பூஜ்யம்னு குடுத்தே ஆகணும். அயர்லாந்துல ஒரு படி மேல, சாமன வீட்டுக்கு எடுத்துட்டு போறதா இருந்தா அது மேல டேக் கட்டி பதிவு புஸ்தகத்துலயும் எழுதணும். நமக்கு அப்படி யாரும் கேக்கப் போறதில்ல, நாமளே வச்சுக்கிட்டாதான் உண்டு.

எழுதி வைக்க ஒரு நல்ல எடம் இருக்கு, வீட்டுச் செவத்துல தொங்குற நாள் காலண்டர். அந்தத் தாள கிழிச்சு பின்பக்கம் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டுட்டே வாங்க. தேதி, திதி எல்லாம் முன்பக்கம் அச்சுல இருக்கு, அமாவாசை பௌர்ணமி பக்கமா கடலோட ஏத்தமும் எறக்கமும் பலமா இருக்கும்ங்கறதால பொழியில போடுறவங்களுக்கு திதிதான் ரொம்ப முக்கியம், அத தனியா தேடி எழுத வேண்டியதில்ல. பின்பக்கம் எழுத வேண்டியது எந்த எடம், எத்தன மணியில இருந்து எத்தன மணி வரை, என்ன இரை, எத்தன கொத்து, எத்தன மீனு, ஒவ்வொண்ணோட நீளம், கொண்டு வந்தது எத்தன விட்டது எத்தன. இதுக்கு மேல காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, வெள்ளம் கலங்கலா தெளிவான்னு எழுதுனா நல்லதுதான், ஆனா கூடுதல் எழுத ஆரம்பிச்சவன் ரெண்டாவது வாரம் எல்லாத்தையும் நிறுத்திருவான். கொத்த தனியா எழுதச் சொன்னது ஏன்னா, நல்லா கொத்தியும் மீன் மாட்டலன்னா எடத்த மாத்த வேண்டாம், கொக்கியோட அளவ மாத்தணும். கொத்தே இல்லன்னா எடத்தையோ நேரத்தையோ மாத்தணும். மீன் எண்ணிக்கைய மட்டும் பாத்தா ரெண்டும் ஒரே பூஜ்யம்தான்.

நீளம்தான் இதுல பெரிய விஷயம், கொஞ்சம் விளக்கமா சொல்லிர்றேன். ஒரே சாதி மீனுல நீளம் ரெண்டு மடங்கு ஆனா எடை ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும். அதாவது 30 செ.மீ. கரிமீன் ஒண்ணு, 15 செ.மீ. கரிமீன் எட்டுக்குச் சமம். அப்போ "எட்டு பிடிச்சேன்"னு சொல்றவனும் "ஒண்ணு பிடிச்சேன்"னு சொல்றவனும் ஒரே அளவு கறிதான் வீட்டுக்கு கொண்டு போறாங்க, ஆனா ஆத்துல இருந்து போன உசுரு எட்டு. கொடுவா கதை இன்னும் விசேஷம். அது சின்னதுல ஆணாத்தான் இருக்கும், வளந்து 80 செ.மீ., ஒரு மீட்டர்னு போற சமயத்துல பொட்டையா மாறிரும். பெரிய கொடுவா மாட்டுனா அது முட்ட போடுற தாய்னே வச்சுக்கோங்க, எண்ணிக்கையில அது "1" தான், ஆனா அந்த 1 போனா பொழிக்கு எவ்வளவு நஷ்டம்னு நோட்டுல தெரியாது, நீளம் எழுதியிருந்தா தெரியும். அளக்குறதுக்கு டேப் எடுக்க வேண்டாம், ராடோட அடியில இருந்து 10, 20, 30, 40 செ.மீ.ன்னு இன்சுலேஷன் டேப்ப சுத்தி வச்சா போதும், கைய நனைச்சுட்டு மீன பக்கத்துல புடிச்சு மூக்கு நுனியில இருந்து வால் நுனி வரை பாருங்க. விடப்போற மீனுன்னா காஞ்ச மணல்ல, வெயில்ல சுட்ட தூண்டில் வளைவுக் கல்லு (கடலரிப்ப தடுக்கப் போட்ட கல்லு) மேல எல்லாம் போடக்கூடாது, மேல இருக்குற வழுவழுப்பு போனா அது நீந்திப் போன மாதிரி போயி அப்புறம் செத்துரும். நாம நோட்டுல "விட்டது"ன்னு எழுதியிருப்போம், பாத்துக்கோங்க.

கொண்டு வந்ததுக்கு மட்டும் ஒரு எல்லை முன்னாடியே முடிவு பண்ணிட்டு போங்க. வீட்டுல எத்தன பேருக்கு கறி வேணுமோ அத்தன, அதுக்கு மேல வந்தா விட்டுருங்க. கரிமீன்ல தகப்பனும் தாயும் சேந்து முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிக்கும், வராலும் குஞ்சுக் கூட்டத்துக்கு கீழயே சுத்திட்டு கெடக்கும். அந்தக் குஞ்சுக் கூட்டம் செவப்பா மேல வந்து கொப்பளிக்குறத பாத்து அது மேல ஃப்ராக்க (தவள மாதிரி செஞ்ச பொய் இரைய) எறிஞ்சு வரால் அடிக்குறத சில அண்ணன்மாரு பெரிய வித்தையா வீடியோ போடுறாங்க, அது வித்தையே இல்ல, காவல் நிக்குற மீனு பசிக்கா கடிக்குது? குஞ்ச காப்பாத்தத்தான் கடிக்குது. அந்த ஒண்ணு போனா மொத்தக் குஞ்சையும் மத்த மீனு தின்னுரும். அத எந்தக் கணக்குல எழுதுறது?

களியக்காவிள தாண்டி, இல்ல நீரோடிக்கு அந்தப் பக்கம் பொழியூர், பூவாறுன்னு போயி போடுறவங்க அங்கத்த சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கணும். கேரளாவுல 2015ல 14 வகை கடல் மீனுக்கு கொறஞ்ச நீளம் இவ்வளவுன்னு வச்சாங்க, 2017ல அது 58 வகை ஆச்சு, சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. அது வள்ளம், போட்டுக்காரங்கள மனசுல வச்சு வந்ததுதான், ஆனாலும் ராடுல டேப் சுத்துறப்போ நமக்கு ஒரு அளவு கெடைக்குதுல்லா. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில மீனு முட்ட போட வயலுக்கும் ஓடைக்கும் ஏறி வர்றப்போ பிடிக்குற ஊத்தப் பிடித்தம் அங்க குத்தம், 15,000 ரூபா வரை அபராதம், ஆறு மாசம் வரை ஜெயிலும் உண்டு. கரிமீன் வேற அவங்களுக்கு 2010ல இருந்து மாநில மீனு, ஞாபகம் இருக்கட்டும்.

சிலேப்பிக்கும் (திலாப்பியா) ஆப்பிரிக்கன் கெளுத்திக்கும் வீட்டுக்கு இத்தனதான்னு எல்லை ஒண்ணும் கிடையாது. சிலேப்பி 1952ல வெளிநாட்டுல இருந்து வந்தது, இப்போ அது இல்லாத கொளம் இல்ல. இந்த ரெண்டையும் தனி வரியில எழுதுங்க, எத்தன வேணும்னாலும் பிடிங்க, திரும்ப விடாதீங்க. ஒரே வரியில சேத்து எழுதுனா 30 சிலேப்பியும் 2 கரிமீனும் "32"ன்னு வந்து நிக்கும், ஆத்துல கரிமீன் கொறையுறது கண்ணுக்கே படாது.

கிளப்பு, போட்டின்னு நடத்துறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள், எண்ணிக்கைக்கு பரிசு வைக்காதீங்கப்பா. எண்ணிக்கைக்கு வச்சா எல்லாவனும் பொடிக் கொக்கி கட்டிட்டு வந்து நிப்பான். ஒரு ஆளுக்கு பெரிய மூணு மீனோட நீளத்த கூட்டிப் பாருங்க, அளந்து போட்டோ எடுத்து அங்கயே விடட்டும்.

டப்பாவுல தாளு ஓரளவு சேந்ததும் ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்து எடம் எடமா பிரிங்க, மணிக்கு எத்தனன்னு வகுங்க. ரெண்டு நாள் கணக்க வச்சு "றாலுதான் பெஸ்ட், மண்புழு வேஸ்ட்"டுன்னு தீர்ப்பு எழுதிராதீங்க, றாலு போட்ட ரெண்டு நாளும் பௌர்ணமியா இருந்திருக்கும். ஒரே எடம், ஒரே ஏத்தம், இரை மட்டும் வேறன்னு இருக்குற தாள தனியா எடுத்து வச்சு ஒப்பிடுங்க. மழைக்கு முந்தி, மழைக்குப் பொறவுன்னும் பிரிச்சுக்கோங்க, பேச்சிப்பாறை அணையில வெள்ளம் தொறந்து விட்ட வாரமும் சும்மா கெடக்குற வாரமும் ஒண்ணு கெடையாது.

குரூப்புல கணக்கு போடணும்னு ஆசையா இருந்தா நேரத்தையும் நீளத்தையும் சேத்து போடுங்க, எடத்த போடாதீங்க. போட்டா அடுத்த ஞாயித்துக்கிழம அங்க நிக்க எடம் இருக்காது, ஒரு மாசத்துல மீனும் இருக்காது. கேட்டா ஆத்துப் பக்கம்னு சொல்லுங்க, கோதையாறு மலையில இருந்து பொழி வரைக்கும் ஆறுதானே.