ரெனசான்ஸ் விழாவுக்கு அடுக்கடுக்காக உடுத்துவது எப்படி?

டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்ற சின்ன ஊரில் 1974 முதல் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல் நடக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வேஷம் கட்டிக்கொண்டு போய்ச் சுற்றும் திருவிழா. அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசிவரை, வார இறுதிகளில். முதல் தடவை வேஷம் கட்டி வருகிற தோழிகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வெயிலில் இத்தனை அடுக்கு போட்டால் வெந்துபோக மாட்டோமா?"

எந்தத் துணியில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாலியெஸ்டர் வெல்வெட் என்றால் ஒரே அடுக்கிலேயே மதியத்துக்குள் தலை சுற்றும். லினனும் மெல்லிய கம்பளியுமாக மூன்று அடுக்கு போட்டவர் சாயங்காலம்வரை சுற்றிக்கொண்டிருப்பார். அதனால் பணம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாத ஸ்மாக்குக்குத்தான் முதலில் செலவழிக்கச் சொல்வேன். ஸ்மாக் என்பது உடம்பை ஒட்டிப் போடும் தொளதொள உள்ளாடை. முழங்காலுக்குக் கீழே வரும். வியர்வையை அதுதான் உறிஞ்சிக்கொள்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் துவைத்ததெல்லாம் பெரும்பாலும் இந்த லினன் அடுக்கைத்தான். மேலே போடும் கம்பளித் துணியையும் பட்டுத் துணியையும் தூசி தட்டி வைத்துக்கொண்டார்கள். அக்குளில் சதுரத் துண்டு வைத்துத் தைத்த ஸ்மாக்காகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் மொத்த உடையும் மேலே ஏறும்.

இங்கே நான் சொல்வது 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாம் எலிசபெத் ராணி காலத்து நடுத்தர நகரப் பெண்ணின் உடுப்பு. எல்லோருக்கும் ராணி வேஷத்தின் மேல்தான் ஆசை. 1574-இல் எலிசபெத் ராணி போட்ட உத்தரவுப்படி ஊதாப் பட்டும் தங்க இழைத் துணியும் அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டும்தான். இன்று தடுக்க ஆள் இல்லை. ஆனால் வளையம் வைத்த ஃபார்திங்கேல் பாவாடையோடு தற்காலிகக் கழிப்பறைக்குள் நுழைய முயன்று பாருங்கள், நடுத்தர வர்க்கத்தின் அருமை தெரியும்.

சரி, ஸ்மாக் போட்டாயிற்று. அடுத்தது ஸ்டாக்கிங்ஸ், அதற்கடுத்து செருப்போ ஷூவோ. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாடிஸ், அதாவது மார்பையும் இடுப்பையும் கயிற்றால் இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான மேலாடை, இறுக்கிய பிறகு இடுப்பு வளையாது. ஷூ வாரைக் கட்ட இன்னொருவரைக் கெஞ்ச வேண்டியிருக்கும். ஸ்டாக்கிங்ஸை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கெண்டைச் சதைக்கு மேலே கட்டினால் நிற்கும். சாட்டின் ரிப்பன் வழுக்கும். பின்னிய கம்பளிப் பட்டைதான் பிடிக்கும். அப்புறம், சரித்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே ஒரு சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும்.

இப்போது பாடிஸ். இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. 1603-இல் எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்காகச் செய்த உருவ பொம்மைக்கு அணிவித்திருந்த பாடிஸ் இன்றும் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இருக்கிறது. தைப்பவர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் வடிவம் எடுக்கிறார்கள். விறைப்புக்கு இன்று பலரும் வைத்துத் தைப்பது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அகலமான கேபிள் டை, வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. நன்றாகவே நிற்கும். முனையை மட்டும் வட்டமாக வெட்டித் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வந்துவிடும்.

கயிறு ஒன்றுதான். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, கடைசித் துளையிலிருந்து மேல்நோக்கிச் சுருள் சுருளாகக் கோர்க்க வேண்டும். இரண்டு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்று ஏறுமாறாக இருக்கும். அப்படி இருந்தால்தான் விளிம்புகள் சமமாக நிற்கும். ஷூ லேஸ் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கட்டுவது சினிமாவுக்குச் சரி. முதல் சுற்றில் தளர்வாக மேலே வரை போங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பக் கீழிருந்து ஒவ்வொரு சுற்றாக இழுத்து மேலே தள்ளுங்கள். உடம்புச் சூட்டில் துணி இளகி அரை அங்குலமாவது விட்டுக்கொடுக்கும். அதன் பின் நன்றாக மூச்சை இழுத்துப் பாருங்கள். விலா அடியில் முட்டினால் தளர்த்துங்கள். விரல் நுனி மரத்தாலோ தலை லேசானாலோ அழகு பார்க்காதீர்கள், உடனே அவிழ்த்துவிடுங்கள். கடைசியாக ஸ்மாக்கை உள்ளே கைவிட்டு வழித்து இழுங்கள். பாடிஸுக்கு அடியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மாலையில் தோலில் அதன் தடம் பதிந்திருக்கும்.

பாடிஸுக்கு மேல் இடுப்பில் பம் ரோல். பஞ்சடைத்த பிறைத் தலையணை. திறந்த பக்கம் வயிற்றுப் பக்கம் வர, நாடாவால் கட்டுவது. சிரிப்பு வரும். ஆனால் பாவாடையின் கனத்தை இடுப்பில் தாங்குவது அதுதான். துணியைக் காலிலிருந்து விலக்கிவைப்பதால் உள்ளே காற்றும் வரும். அதன்மேல் உள்பாவாடை, அதன்மேல் கிர்ட்டில் எனும் கவுன். கவுனின் ஓரம் கணுக்காலோடு நிற்கட்டும். தரையைத் தொட்டால் அந்த மைதானத்துப் புழுதி முழுதும் உங்களோடு வீட்டுக்கு வரும்.

கவுனின் கைகள் தனித் துண்டு. தோளில் நாடாவால் முடிச்சுப் போட்டுக் கட்டுவது. காலையில் குளிராக இருந்தால் கட்டுங்கள், வெயில் ஏறினால் கழற்றிப் பையில் போடுங்கள். ஸ்மாக்கின் வெள்ளைக் கை வெளியே தெரிவது உழைக்கிற பெண்ணுக்குப் பொருத்தமே. கழுத்தையும் தோளையும் மூடும் லினன் பார்ட்லெட்டைத் தவிர்க்காதீர்கள். வெயிலில் பிடரி கன்றாமல் இருக்கும். தலைக்கு கோய்ஃப் எனும் இறுக்கமான துணிக் குல்லாய், அதன்மேல் தொப்பி. இங்கிலாந்தில் 1571-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஆறு வயதுக்கு மேற்பட்ட சாமானியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளித் தொப்பி போட வேண்டும், இல்லையேல் அபராதம். கம்பளித் தொழிலைக் காப்பாற்றத்தான்.

இடுப்பு வாரில் தோல் பை: கார் சாவி, அலைபேசி, நாலைந்து ஊக்கு, மாற்றுக் கயிறு ஒன்று. கத்தி மாட்டினால் உறையோடு சேர்த்துக் கட்டி உருவ முடியாதபடி செய்திருக்க வேண்டும்; வாசலில் பார்ப்பார்கள். கழிப்பறையில் எல்லா அடுக்கையும் பின்பக்கம் உள்ளிருந்து சேர்த்து அள்ளி, முன்னால் கொண்டுவந்து அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

கழற்றும்போது வரிசை தலைகீழ். பாடிஸ் கயிற்றை முழுதும் உருவித்தான் கழற்ற வேண்டும், இழுத்துப் பிய்க்க வேண்டாம். ஸ்மாக்கும் பார்ட்லெட்டும் அன்றிரவே தண்ணீருக்குள் போகட்டும். கம்பளியில் ஒட்டிய சேற்றை ஈரத்தில் துடைக்காமல், காய்ந்த பிறகு பிரஷால் தட்டுங்கள். பம் ரோலை இரண்டு நாள் காற்றாட விட்ட பிறகே பெட்டியில் வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அடுத்த அக்டோபரில் நாறும்.