கண்ணீர் வந்தால்தான் ஆராதனையா?

பூசை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இண்டைக்கு நல்லாயிருந்தது, என்ன? குவயர் பிள்ளையள் கலக்கிப்போட்டினம்." நானும் பலமுறை சொன்னவன்தான். ஒருமுறை அம்மம்மா திருப்பிக் கேட்டார்: "ஆருக்கு நல்லாயிருந்தது?" எனக்குப் பதில் வரவில்லை. கூத்துப் பார்த்துவிட்டு எழும்புகிறவன் சொல்லும் சொல்லை, பலிபீடத்துக்கு முன்னாலிருந்து எழும்பி வந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு அம்மா வழி கத்தோலிக்கம், அப்பா வழி தென்னிந்திய திருச்சபை. ஒரு வீட்டில் பூசை, செபம், சாமி. மற்ற வீட்டில் ஆராதனை, ஜெபம், போதகர் ஐயா. யாழ்ப்பாணத்தில் இப்படி இரண்டு வீட்டுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் நிறையப் பேர். சொற்கள் வேறாக இருந்தாலும், மனதார வழிபடுவது என்றால் என்ன என்பதில் நாங்கள் விடும் பிழைகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மச்சாள்மாரைக் கேட்டால் அங்கும் அதே கதை.

அழுகையை அளவுகோலாக்குவது

உள்ளார்ந்த ஆராதனை என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் யோவான் 4ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். சமாரியாவில் ஒரு கிணற்றடி. தண்ணீர் அள்ள வந்த பெண், தொழவேண்டிய இடம் இந்த மலையா, எருசலேமா என்று கேட்கிறாள். பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளும் காலம் வருகிறது என்கிறார் இயேசு. அந்த "உண்மை"யை நாங்கள் "உணர்ச்சி" என்று வாசித்துப் பழகிவிட்டோம்.

ஆனால் நாலு வசனம் மேலே போய்ப் பாருங்கள். உன் புருஷனை அழைத்துவா என்கிறார். எனக்குப் புருஷன் இல்லை என்கிறாள். ஐந்து பேர் இருந்தார்கள், இப்போது இருப்பவன் உன் புருஷனல்ல, உள்ளபடி சொன்னாய் என்கிறார். அவள் அழுததாக அங்கே ஒரு வரிகூட இல்லை. அவளுடைய வாழ்க்கை மறைக்கப்படாமல் அவர் முன்னால் கிடந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தொழுகையைப் பற்றிய பேச்சே வருகிறது.

கண்ணீர் கெட்டதென்று நான் சொல்லவில்லை. கீபோட்டில் சுருதி ஒரு படி ஏறினால் சினிமாக் கொட்டகையிலும் அழுகை வரும், அதை மட்டும் வைத்து எதையும் அளக்க முடியாது என்கிறேன். மறுபக்கமும் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் கணவனை இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, விடிய ஐந்தரைப் பூசைக்கு வந்து வாங்கில் தூங்கி விழும் ஒருவரை எனக்குத் தெரியும். "எனக்கு ஒண்டும் உணர வரேல்லை தம்பி, சும்மா வந்து இருக்கிறன்" என்று குற்றவாளி மாதிரிச் சொல்வார். அவருக்கு யார் இந்தக் குற்ற உணர்வைக் கொடுத்தது? பழைய ஏற்பாட்டில், ஆலயத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்ட அன்னாளை, குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆசாரியர் ஏலி. முகத்தைப் பார்த்துப் பக்தியை எடைபோடுவதில் ஆசாரியருக்கே தவறியது.

புத்தகத்துச் செபம், புலம்பல் இல்லாத பாட்டு

"புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுறது செபமா?" என்று ஒரு மச்சாள் என்னைச் சீண்டுவார். அவருக்குத் துணையாக மத்தேயு 6ஐயும் எடுப்பார்: வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள். சரி, ஆனால் அந்த வசனத்தோடு நிறுத்திவிடக்கூடாது. அப்படிச் சொன்ன கையோடு இயேசு கற்றுக்கொடுத்தது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்ற செபம். மனப்பாடம் பண்ணக்கூடிய, எல்லோரும் சேர்ந்து சொல்லக்கூடிய செபம். சொந்தமாகப் பண்ணும் ஜெபத்துக்கும் தேய்ந்த தடங்கள் உண்டு. "இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, மூன்று சொல்லுக்கு ஒருமுறை "அப்பா" போட்டு, ஒவ்வொரு கிழமையும் அதே ஒழுங்கையால் போய் அதே ஒழுங்கையால் திரும்பும் ஜெபங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மச்சாள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அம்மம்மாவின் இளமையில் பூசை லத்தீனில். சாமி அங்கே ஏதோ சொல்ல, சனம் இங்கே செபமாலை உருட்டும். மக்கள் முழுமையாக, உணர்ந்து, தாங்களே ஈடுபட்டுப் பங்கெடுக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்ன பிறகுதான் தமிழ் பீடத்துக்கு வந்தது. விளங்காமல் சொல்வது குறை என்பதைத் திருச்சபையே ஏற்றுக்கொண்டது. இப்போது எல்லாம் தமிழில்தான். இருந்தும் விசுவாச அறிக்கையைச் சொல்லிக்கொண்டே, அடுப்பில் வைத்த இறைச்சியை நினைத்துக்கொண்டிருப்பேன். அதற்கு லத்தீனைக் குறைசொல்ல முடியாது.

இந்த விவாதத்தில் எனக்கு முடிவாகத் தெரிவது சிலுவைதான். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதைவிட உள்ளத்திலிருந்து வந்த செபத்தைக் காட்ட முடியுமா? அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. உயிர் போகும் நேரத்தில் அவர் புதிதாகச் சொல் தேடவில்லை, முன்னோர் பாடியதையே எடுத்தார்.

எடுத்ததும் எதை? ஒரு புலம்பலை. எங்கள் ஊரில் நடக்கும் பெரிய பிழை இங்கேதான் என்பது என் எண்ணம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் துக்கத்திலேயே முடிந்துபோகிறது, கடைசியில் ஒரு "ஆனாலும்" கூடக் கிடையாது. ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கைதட்டும் பாட்டுத்தான் அதிகம். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. அங்கும் சுற்றயலிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30 இரவு, போரில் இடம்பெயர்ந்து வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அதையெல்லாம் தாண்டி வந்த ஒரு தாய் கடைசி வாங்கில் வாய் திறக்காமல் நிற்கிறார் என்றால், "சந்தோஷமாய்ப் பாடுங்கோ அம்மா" என்று தோளைத் தட்டுவது ஊழியம் ஆகாது. அவரைப் பொய் சொல்லச் சொல்கிறோம். அந்தக் காலத்து ஆட்கள் இதில் எங்களைவிடத் தெளிவு. தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசானை ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுவார்கள். மாதாவின் அழுகையோடு தங்கள் வீட்டு அழுகையையும் சேர்த்து அழுது தீர்க்க அங்கே இடம் இருந்தது.

பார்க்கட்டும் என்று செய்வது

இதை நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். மின்விசிறியின் மூன்று இதழிலும் "உபயம்" எழுதி, அது சுற்றும்போது ஒருவராலும் வாசிக்க முடியாமல் போவதை நான் சிரித்துக்கொண்டே பார்ப்பதுண்டு. என் பங்குக்கு நான் செய்தது போன். ஒரு நத்தார் இரவு, கனடாவில் இருக்கும் சித்திக்குக் காட்டவென்று பூசை முழுவதையும் பிடித்தேன். சித்தி பார்த்து அழுதா. நான் எதைப் பார்த்தேன் என்று யோசித்தால் பற்றரி எத்தனை வீதம் என்பது மட்டும் ஞாபகம் வருகிறது.

நேர்த்தியைப் பற்றியும் ஒரு சொல். நேர்த்தி வைப்பதே பிழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்னாளும் பிள்ளை வேண்டிப் பொருத்தனை பண்ணினவள்தான். பிள்ளை கிடைத்த பிறகு அவள் ஆலயத்துக்குத் திரும்பி வந்தாள். எங்களில் பலருக்கு விசா கிடைத்ததும் ஒன்பது செவ்வாய் நவநாளும் முடிந்துபோகிறது, ஆண்டவரோடு இருந்த கதையும் முடிந்துபோகிறது.

வேலிக்கு அங்கால் இருக்கிறவர்

இனி வருவதுதான் எனக்குக் கடினமானது. ஆமோஸ் தீர்க்கதரிசி மூலம் ஆண்டவர் சொல்கிறார்: உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும். பாட்டுப் பிழையென்று அங்கே சொல்லவில்லை. ஏழைகளை மிதித்துவிட்டு வந்து பாடியதுதான் அவருக்கு இரைச்சலாகக் கேட்டது. எங்கள் பாட்டை எதெது இரைச்சலாக்குகிறது என்று கேட்டால், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் கலியாணப் பேச்சு வந்ததும் சாதி விசாரிப்பதைச் சொல்வேன். அப்புறம் காணி எல்லை.

மத்தேயு 5இல் இயேசு சொன்னதை நாங்கள் வசதியாக மாற்றி வைத்திருக்கிறோம். காணிக்கை செலுத்த வரும்போது உனக்கு யார்மேல் கோபம் என்று அவர் கேட்கவில்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். கேட்டவர்களில் பலர் கலிலேயாக்காரர். பலிபீடம் இருப்பது எருசலேமில், சில நாள் நடை. மடு மாதா திருத்தலத்துக்குக் கால்நடையாகப் போய்ச் சேர்ந்தவனைக் கோயில் வாசலில் மறித்து, முதலில் ஊருக்குப் போய்த் தம்பியோடு கதைத்துவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்?

எங்கள் கோயிலில் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். தம்பி கதியால் போடும்போது வேலியை அரை அடி தள்ளிப் போட்டுவிட்டார் என்று சண்டை. அதற்குப் பிறகு அண்ணன் வலதுபக்க வாங்கு, தம்பி இடதுபக்க வாங்கு. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் தம்பி கைகூப்பி மூன்று திசைக்கும் திரும்புவார். நாலாவது திசைக்குத் திரும்பவே மாட்டார். பிறகு அண்ணன் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு காணிக்கைப் பாட்டுத் தொடங்க, தம்பி எழும்பி வெளியே போனார். வயிற்றுக்குத்தாக்கும் என்று நினைத்தோம். சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் படலையடிக்குப் போயிருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார். நாய் குரைத்ததே தவிர ஒருவரும் வெளியே வரவில்லை. திரும்பி வந்தபோது நற்கருணையும் முடிந்துவிட்டது. வியர்த்து வழிய, கடைசி வாங்கில் வந்து இருந்தார்.

அடுத்த கிழமையும் போனார். கதியால் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. மூன்றாவது கிழமை அண்ணி படலையைத் திறந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாவாம்.