லாமா குட்டி பிறந்த முதல் நாள்: பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை

லாமா என்பது ஒட்டகக் குடும்பத்துக் கம்பள விலங்கு. அதன் சினைக்காலம் ஏறத்தாழ 350 நாள். இரண்டு வாரம் முன்பின் ஆகும் என்பதால் நாள்காட்டியை நம்பாமல் மடியைப் பாருங்கள். பெரும்பாலும் விடிந்ததிலிருந்து பிற்பகலுக்குள் ஈன்றுவிடும். காரணம் பிறந்த மண்ணில் இருக்கிறது. பெரு, பொலிவியாவின் ஆண்டிஸ் மேட்டுநிலத்தில் பொழுது சாய்ந்தால் கடுங்குளிர். தாயின் நாக்கோ வாயடியோடு ஒட்டியிருக்கும். பசுவைப் போல நக்கித் துவட்ட அதனால் முடியாது. மூக்கால் முகர்ந்து, 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே நிற்கும். காயவைப்பது வெயில்தான்.

1. ஈற்று

மூக்கும் இரண்டு முன்னங்கால்களும் சேர்ந்து வர வேண்டும். தாய் நின்றபடியே ஈனும்போது தலை தொங்கி, மூக்கிலிருந்து நீர் வடியும். அது நல்லதுதான்; அவசரப்பட்டு இழுக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வந்தாலோ, அரை மணி நேரமாக முக்கியும் நகராவிட்டாலோ மருத்துவரை அழையுங்கள்.

2. துடைப்பு, தொப்புள்

உடம்பெங்கும் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். மூக்கிலும் வாயிலும் இருப்பதை மட்டும் எடுத்தால் போதும், மற்றது காய்ந்து உதிரும். குளிர் நாளென்றால் துண்டால் துவட்டுங்கள். தொப்புளை 0.5% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் முக்குங்கள். முதல் நாளில் மூன்று தடவை. தெளிப்பான் வேண்டாம், அடிப்பக்கம் நனையாது. சிறு கிண்ணமே மேல்.

3. சீம்பால்

பலர் ஏமாறுவது இங்கேதான். கருப்பையில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போய்ச் சேராது. எல்லாம் சீம்பாலில்தான். அதை உறிஞ்சிக்கொள்ளும் திறனும் மணிக்கு மணி குறைந்து, ஒரே நாளில் குடல் கதவடைத்துவிடும். முதல் 12 மணி நேரமே பொன்னானது.

குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து, நான்கு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். மடிக்குள் தலையை விட்டு 'சப் சப்' என்று சத்தம் வந்தால் குடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். காம்புத் துளையில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும். நான்கு காம்பையும் ஒவ்வொன்றாக விரலால் பிடித்து ஒரு பீய்ச்சு பீய்ச்சிப் பாருங்கள். அடைப்பு தெறித்து, கெட்டியான பால் வர வேண்டும்.

தாயிடம் பால் இல்லையென்றால், நோயற்ற ஆட்டின் உறைய வைத்த சீம்பால் கைகொடுக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மெதுவாக இளக்குங்கள். கொதிக்க வைத்தால் அந்தப் புரதம் கெட்டு, வெறும் பாலாகிவிடும். அளவு: முதல் நாளில் எடையில் 10%. 11 கிலோ குட்டிக்கு 1,100 மில்லி, ஆறேழு தடவையாகப் பிரித்து. உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்கு வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்குக் குழாய் போட்டுப் பால் கொடுப்பது மருத்துவர் வேலை.

4. எடை

தினமும் ஒரே நேரத்தில் நிறுங்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறி நிற்கும் தராசு உதவாது, கால் கிலோ வித்தியாசத்தை அது நம்பும்படி காட்டாது. துணித்தொட்டில் கட்டிய மின்னணுத் தொங்கு தராசு வாங்குங்கள். முதல் நாள் 200 கிராம் குறைந்தால் பயமில்லை. பிறகு நாளுக்குக் கால் கிலோவாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி மடியைப் பாருங்கள்.

நஞ்சுக்கொடி ஆறு மணி நேரத்துக்குள் விழ வேண்டும்.

பின்சேர்க்கை: பழைய குறிப்புகளில் 7% அயோடின் இருக்கும். அது தொப்புளைச் சுற்றிய தோலைப் பொசுக்கிவிடும், தவிருங்கள். இன்னொன்று, புட்டிப்பாலில் வளரும் ஆண் குட்டியைக் கொஞ்சாதீர்கள். மனிதரைத் தன் இனமாக நினைத்து வளர்ந்தால், பெரிதானதும் போட்டிக்கு வந்த ஆண் லாமாவை மோதுவது போல உங்களை மோதும். பால் கொடுத்ததும் மந்தையோடு விட்டுவிடுங்கள்.