மெக்சிகோவில் வீடு வீடாக ஊழியமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

உறவினரைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ மெக்சிகோ போகிறவர்களில் சிலர், அங்குள்ள கிறிஸ்தவ சபையாரோடு சேர்ந்து சில நாள் வீடு வீடாகப் போய் நற்செய்தி சொல்லும் ஊழியமும் செய்ய விரும்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சீக்கிரமே விமானம் ஏறிவிடுவீர்கள். அதே தெருவில் அடுத்த மாதமும் அடுத்த வருஷமும் போய் நிற்கப்போகிறவர்கள் உள்ளூர் விசுவாசிகள். நீங்கள் செய்கிற தவறுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் சட்டம். சுற்றுலாப் பயணிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். 1992-இல் வந்த சட்டப்படி மதச் சங்கங்கள் அங்கே உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்துகொள்கின்றன. வெளிநாட்டவர் மத ஊழியராகச் செயல்படுவதென்றால், முறைப்படி நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். அவருடைய குடிவரவு நிலையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் காலையில் சபையாரோடு கூடப் போவது வேறு, வாரக்கணக்கில் நடக்கும் ஊழியத் திட்டத்துக்கென்றே பயணம் வைப்பது வேறு. இரண்டாவது ரகம் என்றால் அழைக்கும் சபையிடமும் தூதரகத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் அதிகாரி பயண நோக்கத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சத்தியத்தைச் சொல்லப் போகிறவர் வாசலிலேயே பொய் சொல்லலாமா? பார்வையாளராக அதிகபட்சம் 180 நாள் தங்கலாம் என்பதை வைத்துக் கணக்குப் போடவும் வேண்டாம். அதிகாரி குறைத்து எழுதினால் அதுதான் உங்கள் கெடு.

அரசியல் பேச்சுக்கும் இதே எச்சரிக்கை. மெக்சிகோ அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவு, வெளிநாட்டவர் நாட்டு அரசியலில் தலையிடக் கூடாது என்கிறது. அதிபரைப் பற்றி வீட்டுக்காரர் ஏதாவது குறைப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், கூடச் சேர்ந்து பேசாதீர்கள்.

இனி வாசலுக்கு வருவோம். அதிகம் சொதப்புகிற இடம் இதுதான். மெக்சிகோ நகரங்களில் பல வீடுகளுக்குத் தெருவோரம் உயரமான இரும்புக் கதவு இருக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மணி இல்லாவிட்டால் காசை எடுத்து அந்த இரும்பில் தட்டுவார்கள். மொட்டை மாடியில் நாய் குரைக்கும். பிறகு கதவு திறக்காமலே உள்ளிருந்து "கியென்?" என்று ஒரு குரல் வரும். யார் என்று கேட்கிறார்கள். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களுக்குப் பயந்து வாழும் பகுதிகள் அந்நாட்டில் நிறைய. முகம் தெரியாத ஒருவர் பழக்கமில்லாத உச்சரிப்பில் தடுமாறினால் உள்ளே இருக்கிற அம்மா பயந்துதான் போவார். அதனால் முதல் வார்த்தையை எப்போதும் உள்ளூர்க்காரர் பேசட்டும். நான் ஸ்பானிஷ் படித்துவிட்டேன், நானே பேசுகிறேன் என்று முந்திக்கொள்வதுதான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு. கதவு திறந்து, அறிமுகம் முடிந்து, அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்த பிறகு உங்கள் முறை வரும்.

அப்போதும் நேராக வசனத்துக்குப் போய்விடாதீர்கள். நண்பகலுக்கு முன் 'புவெனோஸ் தியாஸ்', பிறகு 'புவெனாஸ் தார்தெஸ்'. வணக்கம் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்து, பதிலை நின்று கேட்ட பிறகுதான் விஷயம். பெரியவர்களிடம் 'தூ' என்று ஒருமையில் பேசாமல் 'ஊஸ்தெத்' என்று மரியாதையாகப் பேசுங்கள். கைப்பேசி ஆப் சொல்லிக்கொடுத்த ஒருமை வாக்கியங்கள் எழுபது வயதுப் பாட்டியிடம் எடுபடாது. மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பல வீடுகளில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம். அந்த நேரத்தில் கதவைத் தட்ட வேண்டாம்.

சில கதவுகளில் ஓர் அட்டையோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும். இது கத்தோலிக்க வீடு, புராட்டஸ்டன்ட் பிரச்சாரத்தையோ மற்றப் பிரிவுகளின் பிரச்சாரத்தையோ ஏற்பதில்லை என்று இருக்கும். அதைப் பார்த்தும் தட்டுகிறவர்கள் உண்டு. தட்டக் கூடாது என்பதே என் கருத்து. கேட்பதற்கு முன்பே அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

குவாதலூப்பே அன்னை என்று மெக்சிகோவில் போற்றப்படும் மரியாளைப் பற்றி விவாதிக்கப் போவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 78 சதவீதம் பேர் கத்தோலிக்கர். கோயிலுக்கே போகாதவர் வீட்டிலும், டாக்சியிலும், தெரு முனைச் சிறு மாடத்திலும் அந்த அன்னையின் படம் இருக்கும். 1531-இல் தெப்பெயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடி மனிதருக்கு அன்னை காட்சி தந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹுவான் தியேகோவை 2002-இல் போப் இரண்டாம் ஜான் பால் புனிதராக அறிவித்தார். அந்தப் படத்தில் அவர்கள் தங்கள் தாயையும் தேசத்தையும் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் பின்னால் மாடத்தில் மெழுகுவர்த்தி எரிகிறது, நீங்கள் வாசலில் நின்றபடி சிலை வழிபாடு பற்றிய வசனத்தைத் திறக்கிறீர்கள் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. உங்கள் கொள்கையை ஒளிக்கச் சொல்லவில்லை. முதல் சந்திப்பில் அதைக் கையில் எடுக்காதீர்கள் என்கிறேன். வாசிப்பதாக இருந்தால் அவர்கள் வீட்டு பைபிளையே கொண்டுவரச் சொல்லி அதிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். கத்தோலிக்க பைபிளில் 73 புத்தகங்கள். உங்களுடையதில் 66 இருந்தாலும் நற்செய்திகள் நான்கும் இரண்டிலும் உண்டு. அங்கிருந்தே தொடங்கலாம்.

மறுப்பு வரும் விதமும் புதியவர்களுக்குப் பிடிபடாது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது மெக்சிகோவில் பலருக்குக் கூச்சம். சிரித்த முகத்தோடு கைப்பிரதியை (நற்செய்தித் துண்டுத்தாளை) வாங்கிக்கொள்வார்கள், இன்னொரு நாள் வாருங்கள் என்பார்கள், கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று வழியனுப்புவார்கள். வந்தவர் உடனே குறிப்பேட்டில் 'ஆர்வமுள்ளவர்' என்று எழுதிவிடுகிறார். அப்படி எழுதிய வீடுகளுக்கெல்லாம் பிறகு அலைந்து ஏமாறுவது உள்ளூர் சகோதரிதான். எது உபசாரம், எது உண்மையான விருப்பம் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

சியாபாஸ், ஓஹாக்கா மாநிலங்களின் பூர்வகுடி கிராமங்களுக்குச் சபையின் துணையின்றிப் போகவே வேண்டாம். ஓஹாக்காவின் 570 நகராட்சிகளில் 400-க்கும் மேற்பட்டவை தங்கள் மரபு வழக்கப்படி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுப்பதும் பொது வேலைக்குப் போவதும் அங்கே ஊர்க் கடமை. மதம் மாறியவர்கள் திருவிழா வரி தர மறுக்கும்போது தகராறு மூண்டிருக்கிறது. சியாபாஸின் சான் ஹுவான் சமூலாவில் 1970-களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, சான் கிறிஸ்தோபால் நகரின் ஓரங்களில் குடியேறினார்கள். நீங்கள் உற்சாகத்தில் வாசலில் விட்டுவந்த ஒரு கைப்பிரதியால் ஒரு குடும்பத்தின் குடிநீர் இணைப்பையே ஊரார் துண்டித்துவிடலாம். மொழியும் ஸ்பானிஷ் மட்டுமல்ல. சமூலாவில் பேசுவது சோட்சில். வயதான பெண்கள் பலருக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது. தலையாட்டுகிறார்கள் என்பதால் புரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். சமூலா தேவாலயத்துக்குள் படம் எடுக்கத் தடை இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் வீட்டையோ குழந்தைகளையோ கேட்காமல் படம் எடுத்து சபை வாட்ஸ்ஆப் குழுவில் போடக் கூடாது.

குடிக்க ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வது அழகு. வயிறு ஒத்துக்கொள்ளாது என்றால் காரணத்தைப் பணிவாகச் சொல்லலாம். பணமோ பரிசோ கொடுக்காதீர்கள். அடுத்து வருகிற உள்ளூர்க்காரரிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

கடைசியாகத் தொடர்பு எண். மனம் விட்டுப் பேசியவரிடம் உங்கள் வாட்ஸ்ஆப் எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது பாசமாகத் தோன்றும். ஊர் திரும்பியதும் நேர வித்தியாசம், மொழிச் சிக்கல், வேலை எல்லாம் சேர்ந்து, பதில் சொல்லாமல் விட்டுவிடுவோம். அதனால் கூட வந்த உள்ளூர் நண்பரின் எண்ணை அவருடைய சம்மதத்தோடு கொடுங்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பெண்ணின் எண்ணாக இருக்கட்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் அந்த நண்பரோடு உட்கார்ந்து, எந்த வீட்டில் என்ன பேசினோம், எந்த வசனத்தில் நிறுத்தினோம், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த நேரத்துக்கு வரச் சொன்னார்கள் என்பதையெல்லாம் ஸ்பானிஷிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.