பழைய எஸ்யுவியைத் தூக்கும்போது காசைக் கரியாக்கும் தவறுகள்

வார இறுதியானால் மலேசியாவின் ஜோகூர் செம்பனைத் தோட்டத்து மண் பாதைகளுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்லதுதான். ஆனால் சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்று) புதுப்பித்த பழைய எக்ஸ்-டிரெயில், சிஆர்-வி, ஜிம்னி என்று எதையாவது வைத்துக்கொண்டு, "அண்ணே, குறைஞ்ச செலவுல ரெண்டு இன்ச் தூக்கணும்" என்று வண்டியின் உடலை நிரந்தரமாக உயர்த்த வருகிற தம்பிகள் எல்லாரும் ஒரே குழியில்தான் வரிசையாக விழுகிறார்கள். ஜாக் ஸ்டாண்ட் போடாமல் அடியில் படுக்காதே, நட்டை முறுக்க மறக்காதே என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

தளர்ந்த ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ஸ்பேசர் போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான்.

பத்துப் பன்னிரண்டு வயதான வண்டியின் ஸ்பிரிங், புதிதில் நின்ற உயரத்தில் இப்போது நிற்காது. பெரும்பாலும் பின்பக்கம் இறங்கியிருக்கும், சிலவற்றில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல். வண்டி ஏற்கெனவே தொலைத்த உயரம் அது. அதை மீட்டாலே பாதி வேலை முடிந்தது. அதை அளந்துகூடப் பார்க்காமல், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற ஸ்பேசரை (உயரம் கூட்ட இடையில் வைக்கும் தடிமனான துண்டு) வாங்கிச் செருகுவது முட்டி தேய்ந்தவருக்கு உயரமான செருப்பு மாட்டிவிடுகிற கதைதான்.

ஸ்பேசர் எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்துச் சேதம் மாறும். ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைத்தால் உடல் உயரும், ஆனால் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சார்பர் நீளக்கூடிய எல்லை அதேதான். இயல்பாக நிற்கும்போதே அது பாதிக்கு மேல் நீண்டுபோய் நிற்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் நீள இடமில்லாமல் "டொக்" என்று கடைசியில் போய் இடிக்கும். ஏற்கெனவே எண்ணெய் கசியத் தொடங்கிய பழைய அப்சார்பர் இந்த அடியை எத்தனை நாள் தாங்கும்? அதைவிட மோசம், சக்கரம் கீழே இறங்க முடியாததால் பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கும். மண் பாதைக்காகத் தூக்கிய வண்டி மண்ணைத் தொடாமல் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்.

எக்ஸ்-டிரெயில், சிஆர்-வி மாதிரி முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள வண்டிகளில் ஸ்பேசர் ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் உட்காரும். இங்கே அப்சார்பர் நீள்வதும் சுருங்குவதும் மாறாது, அதனால் "எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று விற்கிறவர் சத்தியம் செய்வார். ஆனால் ஸ்பிரிங் அமுங்கிய நிலை அப்படியேதான் இருக்கும். வெளியே பார்த்தால் வண்டி உயரமாக நிற்கும், உள்ளே ஸ்பிரிங் அதே தொய்வோடு பம்ப் ஸ்டாப்புக்கு (கடைசியில் தடுக்கும் ரப்பர்) பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நாலு பேர், கூடாரம், ஐஸ் பெட்டி ஏறியதும் ஒவ்வொரு மேட்டிலும் இடிக்கும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதோ, வண்டியை வடிவமைத்தவர்கள் நினைத்ததைவிடக் கீழே போகும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டும், சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயின்டும் அந்தக் கோணத்துக்குச் செய்யப்பட்டவையல்ல.

ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி, நல்ல பையன், ஆனால் சொன்னால் கேட்க மாட்டான், தன் பழைய எக்ஸ்-டிரெயிலுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஸ்பேசர் போட்டான். "முதலில் ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் பார்" என்றேன். "அதுக்கு இப்போ காசில்லண்ணே, அடுத்த மாசம்" என்றான். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்துவிட்டது. அவனோ வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் போய்விட்டான். செம்மண் உள்ளே புகுந்து ஜாயின்ட் அரைபட்டது. திருப்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம், அப்புறம் இழுவை வண்டி, எல்லை தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கிற செலவு, புது ஷாஃப்ட், அதோடு பால் ஜாயின்ட். இத்தனையும் கட்டின பிறகு, முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் வாங்கினான். காசில்லை என்று தள்ளிப்போட்டவன் எல்லாரையும்விட அதிகம் செலவழித்தான். இந்தக் கணக்கை எத்தனை பேரிடம் சொன்னாலும் ஸ்பேசர் விற்பனை குறைந்தபாடில்லை.

சரி, என்ன செய்வது? சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். இடம் வலம் வித்தியாசம் இருந்தாலோ பின்பக்கம் முன்பக்கத்தைவிட நன்றாக இறங்கியிருந்தாலோ, காசு முதலில் ஸ்பிரிங்குக்கும் அப்சார்பருக்கும்தான். சில மாடல்களுக்கு 30, 40 மில்லிமீட்டர் உயரம் கூட்டும் ஸ்பிரிங்கே கிடைக்கும். ஸ்ட்ரட் வண்டியில் அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள் என்பது என் கருத்து.

ஸ்பேசரின் தடிமன்தான் உயரம் என்று நினைப்பது

பிராடோ, பிந்திய பஜெரோ மாதிரி முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு ஆர்ம்கள்) உள்ள வண்டிகளில் ஸ்பிரிங், ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருகிறது. அதனால் மேலே வைக்கும் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 50 ஆகிவிடும். இது தெரியாமல் 50 தடிமன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை பார்த்தேன், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசிக்கொண்டிருந்தது.

டார்ஷன் பார் இலவசம் என்று முறுக்குவது

இரண்டாம் தலைமுறை பஜெரோ போன்ற பழைய வண்டிகளில் முன்னால் சுருள் ஸ்பிரிங் இல்லை, முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புக் கம்பியான டார்ஷன் பார்தான். போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயரும், காசும் செலவில்லை. கொஞ்சம் முறுக்கலாம். ஆசைப்பட்டு முறுக்கிக்கொண்டே போனால் ஆர்ம் கீழே உள்ள ரப்பர் ஸ்டாப்பில் போய் உட்காரும், சின்னக் குழிகூட முதுகெலும்பில் தெரியும். "பார் கெட்டியாகிவிட்டது" என்பார்கள். கெட்டியாகவில்லை, கீழே போக இடமில்லை, அவ்வளவுதான்.

புஷ் போல்ட்டை அந்தரத்தில் இறுக்குவது

வண்டி ஜாக்கில், சக்கரம் தொங்குகிறது, அப்படியே லோயர் ஆர்ம் புஷ்ஷின் (ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர்) போல்ட்டை முழுப் பலத்தோடு இறுக்கிவிடுவார்கள். அந்த ரப்பர் புஷ் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியிருக்கிறது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை விழுந்த பிறகு இறுக்குங்கள். பட்டறையில் செய்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஜிம்னிக்காரர்களுக்கு

2018க்கு முந்திய ஜிம்னியிலும் முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்ஸில்தான். ஸ்பிரிங்கை மாற்றினால் உடல்தான் உயரும், ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃப் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. இன்னொன்று, உயரம் கூடும்போது முன் ஆக்ஸில் லேசாகச் சுழன்று ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்கும் காஸ்டர் கோணம் குறையும், பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது ஸ்டியரிங் அலையும். காஸ்டர் புஷ்ஷுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

அலைன்மென்ட்

சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது கட்டாயம். அன்றே.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர்

சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். விறைத்து நின்றால் அப்படியே ஓட்டாதீர்கள்.

ஹெட்லைட்

வெளிச்சம் விழும் கோணத்தைக் கீழே இறக்கி வையுங்கள், எதிரே வருகிறவரும் மனிதர்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம்

பிராடோ சும்மாவே ஏறக்குறைய 1.9 மீட்டர். மேலே ரேக், அதற்கு மேல் லிஃப்ட். நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயரத்தை ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள்.

அக்கரையில் மாட்டினால் கேள்வி வராது என்ற நினைப்பு

ஜோகூரில் கூலி குறைவு, உண்மைதான். ஆனால் வண்டி சிங்கப்பூரில் பதிவானது, விதியும் இங்கத்தியதுதான். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி வேண்டாதவை, அனுமதி வாங்க வேண்டியவை, செய்யவே கூடாதவை. ஸ்பிரிங், ஸ்பேசர், டயர் ஒவ்வொன்றும் எதில் வருகிறது என்று வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். பத்து வயதைத் தாண்டிய வண்டி வருடா வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும், அங்கே அடிப்பாகத்தையும் பார்ப்பார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

சிஓஇயைக் கணக்கில் சேர்க்காதது

ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயதைத் தாண்டியதும் சாலை வரியிலும் 10 விழுக்காடு கூடும், 14ஐத் தாண்டினால் அது 50 விழுக்காடு. ஆக, ஒன்றிரண்டு வருடம்தான் மிச்சம் என்றால் லிஃப்டை மறந்துவிட்டு, நல்ல ஏ/டி டயர் (சாலைக்கும் மண்ணுக்கும் ஏற்றது) நாலு, இற்றுப்போன புஷ் இருந்தால் புது புஷ், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்குப் புதுப்பித்தவர்கள் மட்டும் ஸ்பிரிங் விலை விசாரிக்கலாம்.